அழாத மூட்டை

சம்பாலோக், மணிலா
14 ஜனவரி 1945

பெலிசா,

‘அன்புள்ள’ என்று தொடங்கலாமா என்று கொஞ்ச நேரம் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவின் வருஷப் பூசைக்கு வந்தவளை நீ வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினாய். அது இன்னும் ஆறவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். என் ரோஷத்தைவிட இப்போது பயம் பெரிதாகிவிட்டது.

இதைக் கொண்டுவருகிறவர் மங் குலாஸ், புல்காரர். மாத்தியாஸின் வண்டிக் குதிரைக்கு இத்தனை வருஷமும் புல் போட்டவர். (குதிரையைப் போன மாதம் தின்றுவிட்டோம். மாத்தியாஸைப் பார்த்தால் அந்தப் பேச்சை எடுக்காதே. ஒரு வாய்கூட அவர் தொடவில்லை.) இப்போது பாக்கோவில் ஜப்பான்காரன் லாயத்துக்குப் படகில் புல் கொண்டுபோகிறார். உன் தெருவுக்குப் பின்னால் இருக்கிற ஓடை வழியாகத்தான் போக்குவரத்து. நம்பலாம்.

அமெரிக்கர்கள் வடக்கே இறங்கிவிட்டார்கள். எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆற்றுக்குத் தெற்கே இருக்கிற நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள் என்று மாத்தியாஸ் சொல்கிறார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு. வரும்போது வியாகுல மாதா சிலையையும் எடுத்துக்கொண்டு வா.

முழுச் சுரூபத்தையும் சுமக்கச் சொல்லவில்லை. தந்தத்தில் செய்தது தலையும் இரண்டு கையும்தான். கழுத்துக்குக் கீழே வெறும் மரச்சட்டக் கூடு, அதன்மேல் வெல்வெட் பாவாடை. கண்ணாமூச்சி ஆடும்போது நீ அந்தப் பாவாடைக்குள் போய் ஒளிந்துகொண்டு அப்பாவிடம் அடி வாங்கினாயே, அந்தக் கூட்டை இங்கே எந்தத் தச்சனும் செய்துவிடுவான். தலை போனால் திரும்பக் கிடைக்காது.

அந்தத் தலையில் இருப்பது என் முடி. அப்பா காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டு ஒட்ட வெட்டிக் கொடுத்தவள் நான். மூத்தவள் நான் இருக்க, வண்டிக்காரனைக் கட்டிக்கொண்டேன் என்ற ஒரே காரணத்துக்காக மாதாவை உனக்குக் கொடுத்தார். அதைப் பற்றி இப்போது பேச்சு வேண்டாம். வா.

சலூத்


சிங்கலோங்
18 ஜனவரி

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எனக்கு இரண்டு வரி, குழந்தை லூமிங்குக்கு ஒரு வார்த்தை, மாதாவுக்கு முக்கால் பக்கம். சந்தோஷம்.

நீ பயப்படுகிற மாதிரி எதுவும் நடக்காது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அமெரிக்கன் ஓடியபோது என்ன செய்தான்? இந்த ஊரில் சண்டை கிடையாது என்று பலகை எழுதி மாட்டிவிட்டுப் போனான். இந்த ஜப்பான்காரனும் அப்படித்தான் போவான் என்று தெருவில் எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் தெருத் தலைவர் தோன் எலியாஸ் பந்தயமே கட்டுகிறார். “இவ்வளவு அழகான ஊரை எவனாச்சும் உடைப்பானாம்மா? போறப்ப சாவியை நம்ம கையில குடுத்துட்டுப் போயிடுவான், பாரு.”

அப்புறம், நான் நினைத்தாலும் வர முடியாது. தீர்சோ மலைக்குப் போய் கெரில்லாக்களோடு சேர்ந்த செய்தி ராணுவப் போலீசுக்குத் தெரிந்துவிட்டது. புருஷனைத் தேடிப் பிடிக்கிற வேலை அவர்களுக்கு இல்லையாம், நான் இங்கே இருந்தால் அவனே வருவானாம். தினமும் காலையில் குழந்தையோடு தோன் எலியாஸ் வீட்டு வாசலில் போய் முகத்தைக் காட்ட வேண்டும். ஒரு நாள் காணவில்லை என்றால் தோன் எலியாஸின் மகன்களைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர் பந்தயம் கட்டுகிற லட்சணம் இதுதான். பேசிக்கொண்டே என் முகத்தை எண்ணிக்கொண்டிருப்பார்.

மாதா பத்திரமாக இருக்கிறாள். உன் முடியை நான்தான் மாதாமாதம் வாருகிறேன். சிக்கு விழுகிறது, உன் தலை மாதிரியே.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. போகிறவர்கள் மூட்டை கட்டவில்லை. நாற்சந்தியில் பள்ளம் தோண்டி எதையோ புதைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் ஓட்டை போடுகிறார்கள். போகிறவன் எதற்கு ஓட்டை போடுவான்?

பெலிசா


சம்பாலோக்
25 ஜனவரி

பெலிசா,

ஓட்டை போடுகிறவன் போகமாட்டான், அதன் வழியாகச் சுடுவான். உன் தோன் எலியாஸிடம் நான் சொன்னதாகச் சொல்.

நீ வர முடியாது என்றால் லூமிங்கை அனுப்பு. மங் குலாஸ் புல்லை இறக்கிவிட்டு வெறும் படகில் திரும்புவதில்லை. லாயத்துக் குப்பையை, சாணியும் வைக்கோலுமாக, தன் வயலுக்கு ஏற்றிக்கொண்டு போகிறார். நாற்றத்துக்குப் பயந்து காவல்காரர்கள் கிட்டே வருவதில்லையாம். அதற்கடியில் ஒரு கூடை வைத்தால் யாருக்குத் தெரியும்? மேலே போய் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் கொண்டுவந்துவிடுவார்.

அவரிடம் நேற்று கேட்டேன். தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றார். “அழாத மூட்டைன்னா ஏத்திக்கிறேன்மா. அழுற மூட்டைன்னா அதுவும் சாகும், நானும் சாவேன், பின்னாலயே உங்க தங்கச்சியும்” என்றார்.

கிளம்புவதற்கு முன்னால் வயிறு நிறையக் கொடுத்துத் தூங்கவை. எட்டு மாதக் குழந்தை தூங்கினால் அசையாது. தோன் எலியாஸிடம் குழந்தை இறந்துவிட்டது என்று சொல். இந்தப் பசியில் ஏன், எப்படி என்று யாரும் கேட்கமாட்டார்கள். எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் சொல்.

மாதாவைப் பற்றி இந்தக் கடிதத்தில் பேசப்போவதில்லை. (கூடையில் இடம் இருந்தால் வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.)

சலூத்


சிங்கலோங்
30 ஜனவரி

அக்கா,

எதிர்வீட்டு மருந்துக்கடைக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று தெரியாது. அவர்கள் மாடி ஜன்னலில் மணல் மூட்டை அடுக்கி இயந்திரத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அது என் சமையலறையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டுதான் கஞ்சி காய்ச்சுகிறேன். தோன் எலியாஸ் இப்போது பந்தயம் கட்டுவதில்லை.

மங் குலாஸிடம் நானும் பேசினேன். ஓடைப் பாலத்துக் காவல்காரன் குப்பையைக் கிளறுவானா என்று கேட்டேன். “எப்பவாச்சும் துப்பாக்கி முனைக் கத்தியால குத்திப் பாப்பான். எப்பவும் இல்ல” என்றார்.

அந்த ‘எப்பவாச்சும்’ என்ற வார்த்தையோடுதான் இரண்டு நாளாகக் குடித்தனம் நடத்துகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. உன்னிடம் இதைச் சொல்ல வேண்டிவரும் என்று நான் நினைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை கூடை கிளம்பும். தயாராக இரு.

பெலிசா


(கூடைக்குள் வைத்தது)
2 பிப்ரவரி

அக்கா,

பதறாதே. லூமிங் என் மடியில் இருக்கிறாள். கூடைக்குள் இருப்பது மாதாவின் தலை.

குழந்தையின் போர்வையிலேயே சுற்றி, குழந்தை படுக்கிற கூடையிலேயே வைத்து அனுப்புகிறேன். எந்த வழியில் என் பிள்ளையை அனுப்பச் சொல்கிறாயோ அந்த வழியில் மாதா முதலில் போகட்டும். பாவம்தான். பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பாதிரியாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் கத்தி இறங்கினால் தந்தத்தில் இறங்கட்டும் என்று நினைத்துவிட்டேன். அவளும் பிள்ளையைப் பறிகொடுத்தவள்தானே, கோபித்துக்கொள்ளமாட்டாள்.

மங் குலாஸிடம் சொல்லவில்லை. குழந்தை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே வெறும் சுரூபம் என்று தெரிந்தால் அவர் முகம் வேறு மாதிரி இருக்கும், அது சோதனையாகாது. என் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேள்.

போர்வையைப் பிரித்துப் பார். ஒரு கீறலும் இல்லை என்றால் ‘அனுப்பு’ என்று ஒரு வரி எழுது. உன் பதில் வராவிட்டாலும் திங்கட்கிழமை லூமிங்கை ஏற்றிவிடுவேன். இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது.

பெலிசா


சம்பாலோக்
3 பிப்ரவரி, சனி

அனுப்பாதே. அனுப்பாதே பெலிசா. இதற்குமேல் ஒரு வரியும் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, குழந்தையை அந்தப் படகில் ஏற்றாதே.

மத்தியானம் மங் குலாஸ் வந்தார். கூடையை வாசலில் இறக்கி வைத்தார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. அந்த மனிதர் அப்படியே தெருவில் முட்டி போட்டார்.

“மன்னிச்சிரும்மா” என்றார். “குத்திட்டான். நான் பாத்துக்கிட்டே நின்னேன். சத்தமே வரல. ஒரு முனகல்கூட இல்ல. அதுக்கப்புறம் கூடையத் தொறக்க எனக்குத் தைரியம் வரலம்மா. அப்படியே துடுப்புப் போட்டுக்கிட்டு வந்துட்டேன்.”

மாத்தியாஸ் என்னைப் பிடித்துக்கொண்டார். உதறிவிட்டு நான்தான் பிரித்தேன். போர்வையில் கிழிசல். முதலில் கையில் வந்தது முடி, கொத்தாக, நீளமாக. லூமிங்குக்கு ஏது இவ்வளவு முடி என்று ஒரு கணம் எனக்குப் புத்தியே ஓடவில்லை. அப்புறம் முகம் தெரிந்தது. நெற்றியிலிருந்து இடது கன்னம் வரை வெட்டு விழுந்திருக்கிறது, ஒரு கண்ணாடிக் கண்ணீர்த்துளி உதிர்ந்துவிட்டது. நான் சிரித்தேன் பெலிசா. தெருவே பார்க்க, பைத்தியக்காரி மாதிரி மாதாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மங் குலாஸ் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். உன்மேல் அவருக்குக் கோபமே இல்லை. எனக்கு இருக்கிறது. நேரில் வைத்துக்கொள்கிறேன்.

அனுப்பச் சொன்னவள் நான். ‘யாருக்குத் தெரியும்’ என்று என்ன சுலபமாக எழுதினேன். அந்தக் கன்னத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

வேறு வழி யோசிப்போம். அதுவரை அவளை உன் உடம்போடு வைத்துக்கொள்.

இருட்டின பிறகு எழுதுகிறேன்: தெருமுனையில் டாங்கிச் சத்தம். ஜப்பான்காரன்தான் என்று எல்லாரும் கட்டிலுக்கடியில் புகுந்தோம். வெளியே இங்கிலீஷில் யாரோ கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். மாத்தியாஸ், “ஏய், இது நம்ம பக்கத்து ஆளுங்கடி!” என்று கத்திக்கொண்டு ஓடினார். அமெரிக்கர்கள் வந்துவிட்டார்கள். தெருவெல்லாம் ஆட்டமும் பாட்டும். நான் போகவில்லை. இக்கரையில் நாங்கள் தப்பித்துவிட்டோம் என்றால் அக்கரையில் இருக்கிற உங்களுக்கு அதன் அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரிகிறது.

மங் குலாஸ் விடிவதற்குள் கிளம்புகிறேன் என்கிறார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள்தான் நான். சொல்லவில்லை.

அக்கா


சம்பாலோக்
6 பிப்ரவரி

பெலிசா,

இதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமலே எழுதுகிறேன். பாலங்கள் எல்லாவற்றையும் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். பினோண்டோ எரிகிறது, கடைத்தெரு முழுக்க எரிந்து முடிந்தது. மங் குலாஸைப் பற்றிச் செய்தி இல்லை. திங்கட்கிழமை வந்து போய்விட்டது.

கடிதம் உன் கைக்குக் கிடைத்ததா? அதற்குள் வேறு யார் படகிலாவது அவளை ஏற்றிவிட்டாயா? நேற்று முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தேன். கூடை தூக்கிக்கொண்டு யார் வந்தாலும் எழுந்து நின்றேன். சந்தைக்குப் போகிறவள் ஒருத்தி, “என்னம்மா, என் கூடையை இப்படி முறைக்கிறே, உள்ளே கீரைதான்” என்று காட்டிவிட்டுப் போனாள்.

ஒரு அமெரிக்கப் பட்டாளத்துப் பையன் சாக்லேட் கொடுத்தான். லூமிங்குக்கு எடுத்து வைத்திருக்கிறேன். அவனிடம் சிங்கலோங் எந்தத் திசை என்று காட்டி, அங்கே என் தங்கை இருக்கிறாள் என்றேன். அவன் பீரங்கிகளைப் பார்த்தான், என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பீரங்கிகள் எல்லாம் தெற்கே பார்த்து நிற்கின்றன.

அக்கா


சாந்தா அனா, பள்ளிக்கூட ஆஸ்பத்திரி
17 பிப்ரவரி

அக்கா,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். வலது கை முழங்கைக்குக் கீழே இல்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி அதைப் பற்றிப் பேச வேண்டாம். லூமிங் உயிரோடு இருக்கிறாள். ஒரு கீறல்கூட இல்லை.

திங்கட்கிழமை அவளைக் கூடையில் வைத்து ஓடைக்கரைக்குப் போய்விட்டேன். தூங்கிக்கொண்டிருந்தாள். மங் குலாஸ் வந்தார். என் கூடையைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை வைத்தே நான் தெரிந்துகொண்டேன், உன் கடிதத்தை அப்புறம்தான் பிரித்தேன். “இந்தத் தடவை எதை வச்சிருக்கேன்னு நான் கேக்க மாட்டேன். ஆனா ஏத்த மாட்டேன், தாயி” என்றார். அப்போதே சுடுகிற சத்தம் தொடங்கிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜப்பான் கடற்படை ஆட்கள். பின்தெருவில் என்ன செய்தார்கள் என்று வேலி வழியாக ஓடி வந்த ஒரு பெண் சொன்னாள். கைக்குழந்தைகளை என்ன செய்தார்கள் என்றும் சொன்னாள். அதை நான் எழுதமாட்டேன். எங்கள் வீட்டுக் கதவை உதைக்கிற சத்தம் கேட்டபோது எனக்கு ஒளிய ஒரே ஒரு இடம்தான் நினைவுக்கு வந்தது. ஆறு வயதில் ஒளிந்த இடம். மாதா தலையில்லாமல் கூடத்து மூலையில் நின்றுகொண்டிருந்தாள். பாவாடையைத் தூக்கி, சட்டத்துக்குள் குறுக்கே துணியைக் கட்டித் தூளி போட்டு, லூமிங்கை அதற்குள் இட்டுப் பாவாடையை இறக்கிவிட்டேன். விழித்துக்கொண்டுதான் இருந்தாள். வாயில் விரல் வைத்து ‘உஸ்’ என்றேன். எட்டு மாதக் குழந்தையிடம்.

எங்களைத் தெருவில் நிறுத்தினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இரண்டு பேர் என் வீட்டுக்குள் போனார்கள். அலமாரியைக் குத்துகிறது, மெத்தையைக் கிழிக்கிறது, அரிசிப் பானை உடைகிறது, எல்லாம் எனக்குக் கேட்டது. நான் ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவள் அழுதுவிடக் கூடாது என்று மாதாவைக் கேட்டேன். அப்படிக் கேட்கிறவள் தாயா என்றும் நினைத்துக்கொண்டேன். உள்ளே ஒருவன் திடுக்கிட்டுக் கத்தினான். இன்னொருவன் சிரித்தான். தலை இல்லாமல் கறுப்புப் பாவாடையில் நின்றவளைப் பார்த்துத்தான் கத்தியிருப்பான். அவளை ஏன் குத்தவில்லை என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்து, பெட்ரோல் ஊற்றி, வீட்டுக்குத் தீ வைத்தார்கள்.

அப்போது குண்டு விழுந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, உன் பக்கத்துக் குண்டு. எங்களைக் காவல் காத்தவர்களும் போனார்கள், தோன் எலியாஸும் அவர் மகன்களும் போனார்கள், பெண்களில் பாதிப் பேரும் போனார்கள். என் கை போனதும் அதில்தான். அது விழாவிட்டால் நான் இப்போது இல்லை. அந்தக் குண்டைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் கிடக்கிறேன்.

எரிகிற வீட்டுக்குள் எப்படிப் போனேன் என்று நினைவில்லை. பாவாடையின் ஓரம் பற்றியிருந்தது. லூமிங் தூளியில் கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தாள். என் ஒரு கையால் இழுத்து எடுத்தேன். அதற்கப்புறம் குப்பைமேடு, சாக்கடை, பிணங்களுக்கு நடுவே படுத்துக்கிடந்தது, யாரோ தூக்கியது. சாம்பல் புதன் இங்கே வந்து போயிற்று. நெற்றியில் பூசும் சாம்பலுக்காக யாரும் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இப்போது நான் பயப்படுகிற விஷயம் ஒன்றே ஒன்று. அன்றிலிருந்து லூமிங் அழவில்லை. பசித்தால் அழவில்லை, விழுந்தால் அழவில்லை. பக்கத்துப் படுக்கைக் குழந்தைகள் அலறினால் அவர்களையே பார்க்கிறாள், ‘உஸ்’ என்று சொல்லப்போகிறவள் மாதிரி. காது கேட்கிறது, தொண்டையில் குறை இல்லை என்கிறார் டாக்டர். என் ‘உஸ்’ அவளுக்குள் போய்த் தங்கிவிட்டது, அக்கா. அதை எப்படி வெளியே எடுப்பது?

மங் குலாஸ் தேடி வந்துவிட்டார். எனக்குக் காய்ச்சல், இங்கே சீதபேதி வேறு பரவுகிறது. லூமிங்கை அவரோடு அனுப்புகிறேன். இந்தத் தடவை கூடையில் இல்லை, தோளில். மாதாவை நீயே வைத்துக்கொள், இனி நான் கேட்கமாட்டேன். ஆனால் நான் பிழைத்து வந்தால் லூமிங்கை எனக்குத் திருப்பிக் கொடு.

பெலிசா


சம்பாலோக்
22 பிப்ரவரி

என் பெலிசாவுக்கு,

‘பிழைத்து வந்தால்’ என்று எழுதுகிற புத்தி உனக்கு எங்கிருந்து வந்தது? அந்த இடது கையால் உன்னை ஒரு போடு போட்டுக்கொள். மாத்தியாஸ் ஒரு தள்ளுவண்டிக்குச் சொல்லி வைத்திருக்கிறார். குதிரை இல்லாவிட்டால் என்ன, நானே இழுத்துக்கொண்டு வருவேன் என்கிறார். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

லூமிங் வந்து சேர்ந்தாள். நீ சொன்னது நிஜம். மூன்று நாள் அவள் வாயிலிருந்து சத்தமே இல்லை. சாக்லேட்டைக் கொடுத்தால் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான் பாடினேன், கிள்ளினேன்கூட, கடவுள் மன்னிக்கட்டும். ராத்திரியெல்லாம் அவள் மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மாதாவின் தலையை அலமாரிமேல் வைத்திருக்கிறேன். வெட்டை நான் சரிசெய்யப்போவதில்லை. நேற்றுக் காலை முடிக்குச் சிக்கெடுக்கலாம் என்று கீழே எடுத்துப் பாய்மேல் வைத்தேன். லூமிங் தவழ்ந்து வந்து முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. வாயில் வேறு வைத்தாள். சாணி நாற்றம் இன்னும் அதில் இருக்கிறது என்று விரலைப் பிரிக்கப் பார்த்தேன். பிரித்து முடியை இழுத்ததும் அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். உதடு பிதுங்கியது. அப்புறம் அழுதாள், பெலிசா. வீடு இடிகிற மாதிரி அழுதாள். அக்கம்பக்கத்தார் ஓடி வந்து என்ன கொலை என்று கேட்டார்கள். மங் குலாஸ் வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். “அழுற மூட்டைம்மா! அழுற மூட்டை!” என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு அவரும் அழுதார். நான் அவளைச் சமாதானப்படுத்தவே இல்லை. முடியைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அழட்டும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் உன்னிடம் மறைக்கக் கூடாது. சாயங்காலம் கோட்டைப் பக்கம் பீரங்கி தொடங்கியது. முதல் சத்தத்திலேயே அழுகையை நிறுத்திவிட்டாள். தானாகப் போய்ப் பாயை இழுத்துத் தலைமேல் போட்டுக்கொண்டாள். தூக்கிப் பார்த்தால் கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை.

அவளுக்குள் அதைப் போட்டவள் நீ. இனிமேல் சத்தமாக அழலாம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, நான் சொன்னால் அவள் நம்பவில்லை. நீ வந்து சொல். மாதா, முடி, வீடு, எது யாருக்கு என்று அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம். காய்ச்சல் விடட்டும் என்று காத்திருக்காதே. நாளைக்குத் தள்ளுவண்டி வருகிறது, ஏறி உட்கார்.

அக்கா